உடன் வந்தவர் கூற்று

பள்ளியிலிருந்து போன் வந்தபோது என் கையில் பல் உடைந்த ஜிப் ஒன்று இருந்தது. ஏதோ பயணப்பையின் ஜிப். வாங்கி ஒரு வாரத்தில் வாயைப் பிளந்துவிட்டது என்று யாரோ கோபமாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பி வரும் ஜிப்பெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். மேலும் கீழும் ஓடும் ரன்னரின் முதுகில் கடுகளவு எழுத்தில் ஓர் எண் இருக்கும். லென்ஸ் வைத்து அதைப் படித்தால் எந்த மாதம், எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று பிடித்துவிடலாம். பிடித்து, தாளில் எழுதி, கடைசியில் 'காரணம்' என்று இருக்கும் கட்டத்தை நிரப்ப வேண்டும். அதைக் காலியாக விட்டால் எங்கள் மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'தெரியவில்லை' என்று எழுதினால் இன்னும் மோசம். "காரணமில்லாம பல்லு உடையுமா? தேடும்மா" என்பார். பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அங்கே என் பெயரே கம்ப்ளைண்ட் அக்கா.

"உங்க பொண்ணு மறுபடியும் பெஞ்சுக்கு அடியில போய் உட்கார்ந்துட்டா" என்றார் வகுப்பு டீச்சர். "கூப்பிட்டா வர மாட்டேங்கிறா. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." அந்த மாதத்தில் அது நான்காவது போன். மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவளை நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். எட்டு வயது. மற்ற பிள்ளைகள் மைதானத்தில் இருக்க, காலி வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தால் அவளுக்கு ஆகாது. நாற்காலியை இழுத்தால் ஆகாது. ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் உடம்புக்குள் எறும்பு விட்டதுபோல் நெளிவாள். ராத்திரி எழுப்பி, "அம்மா, நாளைக்கு மணி அடிப்பாங்களா?" என்று கேட்பாள். அடிப்பார்கள், பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்காமல் என்ன செய்வார்கள்? நான் பெஞ்சுக்கு அடியில் தலையை நுழைத்தேன். "டீச்சர் பாவம்மா" என்றாள் அவள், ரொம்ப அக்கறையாக. "கத்திக் கத்தி அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

அவள் கையில் ஒரு ஜிப் துண்டு இருந்தது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஜிப்புகளை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். அதை மேலே இழுப்பாள், கீழே இழுப்பாள். ஜர், ஜர் என்று நாள் முழுக்க. சாப்பிடும்போது, படிக்கும்போது, ஏன், தூக்கம் பாதி வந்த பிறகுகூட விரல் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பொடிசு வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். அக்கம்பக்கத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

தலைமை ஆசிரியை என்னை உட்கார வைத்து, நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். "இதைப் பூர்த்தி பண்ணி, டாக்டர்கிட்ட காரணம் எழுதி வாங்கிட்டு வாங்க. காரணம் இருந்தா பக்கத்துல உட்கார ஒரு உதவி டீச்சர் போட முடியும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இது ஒழுக்கப் பிரச்சினைன்னு ஆயிடும். அடுத்த வருஷம் இங்க இடம் கொடுக்கறது கஷ்டம். இன்னியிலேர்ந்து மூணாவது வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க."

ஒழுக்கப் பிரச்சினை. எட்டு வயதுக் குழந்தைக்கு. வரும் வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த வார்த்தைக்கு வேறொரு பெயர் உண்டு, அதை என் நாத்தனார் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். "ஒண்ணே ஒண்ணுன்னு தலைமேல தூக்கி வச்சுக்கிட்டீங்க அண்ணி. நாலு அதட்டு அதட்டி வளர்த்திருந்தா இப்படி ஆடுமா?" திங்கட்கிழமை காலையில் பொடிசுக்கு வயிற்றுவலி வரும், ஞாயிற்றுக்கிழமை அந்த வயிற்றுக்கு லீவு. அதற்கும் நாத்தனாரிடம் ஒரு சிரிப்பு இருந்தது. நானும் இரண்டொரு தரம் நாடகம் ஆடாதே என்று அதட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனால் வேலைக்குப் போகிற அம்மா, அதனால் பிள்ளை இப்படி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு வாயில் வருவதையெல்லாம் சொல்லத் தோன்றும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வரிதான். இது வளர்ப்பால் வந்ததில்லை, இன்னதால் வந்தது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட வரி.

அந்தப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒன்பதாவது கேள்வி: 'குறைமாதத்தில் பிறந்த குழந்தையா? இல்லை எனில் கேள்வி 14-க்குச் செல்லவும்.' பொடிசு மாதம் நிறைந்து, மூன்று கிலோ இருநூறு கிராமில், கன்னமும் தொடையுமாகப் பிறந்தவள். இல்லை என்று டிக் அடித்தேன். பதினான்குக்குத் தாவும்போது பத்தாவது கேள்வி கண்ணில் பட்டது. 'கர்ப்ப காலத்தில் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டதா?'

போடப்பட்டது. முப்பத்தோராவது வாரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாளில், இரண்டு ஊசி. நுரையீரல் ஊசி என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அன்று காலையில் எனக்கு வயிற்றில் சுருக்கென்று பிடித்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், குழந்தை சீக்கிரம் பிறந்துவிட்டால் மூச்சுவிடச் சிரமப்படக் கூடாது என்று போட்டார்கள். மறுநாள் வலி போய்விட்டது. குழந்தை இன்னும் எட்டு வாரம் உள்ளேயே சுகமாக இருந்துவிட்டுத்தான் வந்தது. ஊசியை நாங்கள் மறந்தே போனோம். இப்போது இந்தப் படிவம் அதை ஞாபகப்படுத்திவிட்டு, உனக்கு அந்தக் கேள்வி கிடையாது, தாண்டிப் போ என்கிறது. ஊசி போட்டவர்கள் எல்லாம் குறைமாதத்தில் பெற்றிருப்பார்கள் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

குழந்தை டாக்டர் நல்ல மனிதர்தான். அவசரப்படாமல் பேசுவார். பொடிசு அவருடைய மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஜர், ஜர் என்று இழுத்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து அவளிடம், "உள்ள இடம் பத்துமா?" என்று கேட்டார். நான் ஊசியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பெரிய ஆய்வு ஒண்ணு பண்ணியிருக்காங்க. உங்க பொண்ணு மாதிரி, அம்மா வயித்துல இருக்கறப்ப அந்த ஊசி போட்டு, ஆனா மாசம் நிறைஞ்சு பிறந்த குழந்தைங்க. ஊசி போடாத நூறு பேர்ல ஆறு பேருக்கு இந்த மாதிரி மனசு, நடத்தை சம்பந்தமா ஏதாவது வந்திருக்கு. போட்ட நூறு பேர்ல ஒன்பது பேருக்கு."

"அப்ப ஊசிதான் காரணம்."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஊசி போடற மாதிரி ஒரு நிலைமை வந்துச்சு இல்லையா, அந்த நிலைமையே காரணமா இருக்கலாம். ஊசிதான்னே வச்சுக்குவோம். அந்த ஒன்பது பேர்ல ஆறு பேருக்கு ஊசி போடலைன்னாலும் வந்திருக்கும். மூணு பேருக்குத்தான் ஊசியால. உங்க பொண்ணு அந்த ஆறுல ஒருத்தியா, மூணுல ஒருத்தியான்னு யாராலயும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ரன்னரின் முதுகில் இருப்பதுபோல் இவள் முதுகிலும் கடுகளவு எழுத்தில் ஏதாவது இருக்கக் கூடாதா என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். "பின்ன எதுக்கு டாக்டர் அந்த ஊசியைப் போடறாங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அன்னிக்கே பிறந்திருந்தா இவளை அந்த ஊசிதான் காப்பாத்தியிருக்கும். அந்த டாக்டரை நீங்க கையெடுத்துக் கும்பிட்டிருப்பீங்க. எத்தனையோ குழந்தைங்க அதனாலதான் உயிரோட இருக்காங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அன்னிக்கு என்ன பார்த்துப் போட்டாங்கன்னு தெரிஞ்சா நல்லது. பழைய கேஸ் ஷீட் கிடைச்சா கொண்டு வாங்க. என்னால என்ன எழுத முடியும்னு பார்க்கறேன்" என்றார்.

கேஸ் ஷீட்டுக்காக மூன்று முறை லீவு போட்டேன். அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறை, படிக்கட்டுக்கு அடியில், குனிந்து நுழைகிற மாதிரி இருக்கும். முதல் நாள், விண்ணப்பத்தில் குழந்தையின் பெயரை எழுதிவிட்டேன், அம்மா பெயர் வேண்டும் என்று திருப்பினார்கள். இரண்டாம் நாள், ஜெராக்ஸ் மெஷின் மூச்சை விட்டுவிட்டது. மூன்றாம் நாள் அங்கிருந்த கிளார்க் தூசியைத் தட்டிக்கொண்டே, "எட்டு வருஷத்துக்கு முந்தினதை எலி விட்டு வச்சிருக்கே, அதுவே உங்க அதிர்ஷ்டம்" என்று ஐந்து பக்கத்தைக் கையில் கொடுத்தார். வெளியே நடைபாதையில் நின்றபடியே படித்தேன். முதல் பக்கத்தில், என் வயது, வாரக் கணக்கு எல்லாவற்றுக்கும் கீழே, கட்டம் போட்ட ஓர் இடம்.

'உடன் வந்தவர் கூற்று: பிரசவ வலி. காலை முதல் விட்டு விட்டு.'

அதற்குக் கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே இழுத்து ஒரு சுழி போடுவார். அவசரத்திலும் அந்தச் சுழியை விடவில்லை.

மீதியையும் படித்தேன். 'வயிறு இறுகுகிறதா: தெளிவில்லை. முன்னெச்சரிக்கையாக ஸ்டீராய்டு ஊசி, முதல் தவணை.' மறுநாள் தேதியில், 'சிறுநீர்த் தொற்று உறுதி. வலி இல்லை. இரண்டாம் தவணை போடப்பட்டது.' பிரசவ வலியே இல்லை. சிறுநீர்த் தொற்று. அன்று அடுப்படியில் மேடையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "என்னங்க, அடிவயிறு வலிக்குது." விட்டு விட்டு என்று நான் சொல்லவே இல்லை. விடாமல்தான் வலித்தது. ஆஸ்பத்திரியில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர்தான் பேர் பதியும் ஜன்னலுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டே நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது, பரவாயில்லையே, நல்ல ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டெழுத்து வார்த்தை. கர்ப்பிணிக்கு வயிறு வலி என்று சொன்னால் டோக்கன் கொடுத்து உட்கார வைப்பார்கள். வயிறு என்பதை எடுத்துவிட்டு, வலி வந்துடுச்சு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், கதவெல்லாம் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் முன்னறையில் தரையில் உட்கார்ந்து தன் கருவிப் பையைக் கொட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடங்களில் பாதி வாழ்க்கை, போனில் மீதி வாழ்க்கை. நாற்பது நிமிடம் ஆகும் இடத்துக்கு, "இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்பார். வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உயிருள்ள சாட்சி. நான் அந்தத் தாளை அவருடைய ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்தேன்.

படித்தார். தலையைச் சொறிந்தார். "என் கையெழுத்துதான்."

"பிரசவ வலின்னு சொன்னீங்களா?"

"வலி வந்துடுச்சுன்னு சொன்னேன். அவங்க அப்படி எழுதிக்கிட்டாங்க."

"நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? அடிவயிறு வலிக்குதுன்னுதானே சொன்னேன்?"

"உனக்கு வலி இருந்துச்சா இல்லையா?"

"விட்டு விட்டுன்னு யார் சொன்னது?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்த ஜன்னல்ல இருந்த அம்மா, விட்டு விட்டு வருதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். இங்க பாரு. லிப்ட் நின்னுடுச்சுன்னு ஒருத்தன் போன் பண்ணா, நாங்க சாப்பிட்டு, டீ குடிச்சு, நிதானமா மத்தியானத்துக்கு மேல போவோம். உள்ள ஆள் மாட்டிக்கிச்சுன்னு சொன்னா, எச்சில் கையோட ஓடுவோம். போய்ப் பார்த்தா உள்ள ஈ காக்கா இருக்காது. கேட்டா, அப்படிச் சொன்னாத்தானே சார் வருவீங்கன்னு சிரிப்பான். எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வரிசையில முப்பது பேரு. நீ நாற்காலியில சுருண்டு, உதடெல்லாம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருக்கே. நான் டோக்கனை வாங்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

"உங்களுக்கு எல்லாமே லிப்டுதானா?"

"இன்னிக்கு இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

இந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் அடங்கியிருப்பேனோ என்னவோ. தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க சொன்ன அந்த ரெண்டு எழுத்துக்குத்தான் என் பொண்ணு இன்னிக்குப் பெஞ்சுக்கு அடியில உட்கார்ந்திருக்கா" என்றேன். ஆறா மூன்றா யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே போட்டார், இவர் சொன்னதற்காக மட்டுமா போட்டார் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அதை வாயை மூடு என்றேன். அவர் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. என் பொண்ணு என்று இரண்டாம் முறையும் சொன்னேன், நம்ம பொண்ணு என்று சொல்லவில்லை. உள்ளறையில் ஜிப் வேகமாக ஓடத் தொடங்கியது. ஜர்ஜர்ஜர் என்று.

அவர் ஸ்பேனர்களைப் பெரிது சிறிதாக அடுக்கி, பையில் போட்டு, பையை மூடி, எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு. மூன்றாம் நாள் பொடிசு நடுவில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் என்ன போஸ்ட்மேனா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல?" இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. தனித்தனியாக அடக்கிக்கொண்டோம்.

கேஸ் ஷீட்டைப் பார்த்த குழந்தை டாக்டர் நிதானமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சத்தம் தாங்க முடியாமை, பதற்றம், கவனம் நிலைக்காமை, உதவி ஆசிரியர் அவசியம் தேவை என்று எல்லாம் இருந்தது. வளர்ப்பு முறையால் ஏற்பட்டதல்ல என்றும் நான் கெஞ்சிக் கேட்டதற்காக ஒரு வரி சேர்த்தார். காரணம் என்ற இடத்தில் மட்டும், 'உறுதியாகக் கூற இயலவில்லை.' எங்கள் மேனேஜராக இருந்தால் கிழித்து முகத்தில் எறிந்திருப்பார். படிவத்திலோ கடைசிப் பக்கத்தில் 'பெற்றோர் கருதும் காரணம்' என்று எனக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்து என் மேஜையிலேயே உட்கார்ந்து அதில் எழுதப் பார்த்தேன். ஊசி என்று எழுதினால் ஏன் போட்டார்கள் என்று கேட்பார்கள். ஏன் போட்டார்கள் என்று எழுதினால் அதில் அவருடைய சுழி போட்ட கையெழுத்து வரும். பேனாவைத் திறந்தேன், மூடினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு காரணக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பையில் வைத்தேன்.

மறுநாள்தான் படிவம் கொடுக்க வேண்டிய கடைசி வெள்ளிக்கிழமை. காலையில் பொடிசு, "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள்.

"திங்கட்கிழமைதானே வலிக்கும்? இன்னிக்கு என்ன புதுசா?"

"தெரியலம்மா."

"நாடகம் ஆடாதே. இன்னிக்கு நான் உங்க ஸ்கூல்ல பேசணும். கிளம்பு." தலை வாரினேன், சட்டையை மாட்டினேன். பால் வேண்டாம் என்றாள். பிரெட் வேண்டாம் என்றாள். ஷூ மாட்டக் குனிந்தவள் நிமிரவே இல்லை, அப்படியே பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. அதற்குள் அவர் வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். படிவமும் அந்தப் பையில்தான் இருந்தது.

அதே ஆஸ்பத்திரி. ஜன்னலை மாற்றிக் கண்ணாடி போட்டிருந்தார்கள், பேசுவதற்கு அதில் வட்டமாக ஓர் ஓட்டை. கூடம் நிரம்பிக் கிடந்தது. அவர் பொடிசை என் மடியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். இம்முறை நான் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"குழந்தைக்கு என்ன?" என்றாள் உள்ளே இருந்த பெண்.

எந்த வீட்டுக் கதவையும் வாயாலேயே திறக்கிற மனிதர், பதில் சொல்லாமல் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "சார், என்னன்னு சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றாள் அவள்.

"வயிறு வலி" என்றார். ஒவ்வொரு எழுத்தாக, கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி.

"எவ்வளவு நாளா?"

"காலையிலேர்ந்து."

"ஜுரம்?"

"தொட்டா சுடுது. அளந்து பார்க்கலை."

"டோக்கன் நாற்பத்தேழு. உட்காருங்க."

அவர் டோக்கனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் சிவப்பு எழுத்தில் பத்தொன்பது என்று ஓடிக்கொண்டிருந்தது. பொடிசு முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கி, என் கையைப் பிடித்து இறுக்கினாள். பத்தொன்பது. இருபது. அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு. நடுவில் ஒருத்தர் தன் அப்பாவைத் தாங்கிக்கொண்டு வந்து, நெஞ்சு வலி என்று கத்தினார். கதவு திறந்தது, சக்கர நாற்காலி வந்தது, உள்ளே போய்விட்டார்கள். அந்தப் பெரியவர் போகிற போக்கில் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு ஏதோ குறைகிறதே என்று பட்டது. என்னவென்று பிடிபடச் சிறிது நேரம் ஆனது. சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். ஜிப் அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது, விரல் அசையவில்லை. தூக்கத்தில்கூட நிற்காத விரல்.

"என்னங்க" என்றேன். ஐந்து நாளில் நான் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான். "ஜிப்பை இழுக்க மாட்டேங்கிறா. போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"ஏதாவது சொல்லுங்களேன்!"

"சொன்னேனே. வயிறு வலின்னு சொல்லிட்டேன்." அவருடைய கண் கலங்கியிருந்தது. "வேற என்ன சொல்லணும்? நீயே சொல்லு, அதைப் போய்ச் சொல்றேன்."

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பொடிசை அவர் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தேன். ஜன்னலுக்கு நாலு எட்டு. அந்த நாலு எட்டில் நான் எதையும் யோசித்துத் தீர்மானிக்கவில்லை, சத்தியமாக இல்லை. வட்ட ஓட்டையில் வாயை வைத்தேன்.

"குழந்தைக்கு மூச்சு விட முடியலைங்க!"

கதவு திறந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். கூடத்தில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவர் பொடிசைப் படுக்க வைத்துவிட்டுக் கூடவே ஓடினார், நான் பின்னால். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, "எப்பலேர்ந்து மூச்சுத் திணறல்?" என்று கேட்டபடியே எழுதத் தொடங்கினாள். இன்னொருத்தி மாஸ்க்கைப் பிரித்துப் பொடிசின் முகத்தருகே கொண்டுபோனாள். பக்கத்தில் தட்டில் ஊசி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது.

பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு மூச்சு நல்லா வருதேம்மா" என்றாள், வலியோடு, ஆனால் தெளிவாக. "வயிறுதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வயிறுதாங்க" என்றேன். "மூச்சு இல்லை. நான்தான்... அடிவயிறு. காலையிலேர்ந்து. ஜுரம் இருக்கு. அந்த ஊசியைப் போட்டுடாதீங்க."

"சொல்றதை ஒழுங்காச் சொல்ல மாட்டீங்களா?" என்றாள் நர்ஸ். "எழுதிட்டேனே." டாக்டர் அதற்குள் வந்து பொடிசின் வலது பக்க அடிவயிற்றில் மெல்ல அழுத்தினார். அழுத்தியபோது ஒன்றுமில்லை, கையை எடுத்ததும் துள்ளிக் கத்தினாள். அவர் முகம் மாறியது. அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கு, ஸ்கேனுக்குச் சொல்லுங்க, சர்ஜனைக் கூப்பிடுங்க என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னார். சக்கரம் உருண்டது. கூடவே ஓடப் போன எங்கள் முன்னால் நர்ஸ் அட்டையை நீட்டினாள்.

'உடன் வந்தவர் கூற்று' என்ற கட்டத்தில் மூச்சுத் திணறல் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே வயிறு வலி என்று எழுதியிருந்தாள். கோட்டுக்கு அடியில் முதலில் எழுதியது நன்றாகவே தெரிந்தது.

"யார் சொன்னதோ அவங்க கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம்."

பேனா அவர் கைக்குத்தான் முதலில் போனது. அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திருப்பி, முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, என்னிடம் நீட்டினார். தாழ்வாரத்தின் கடைசியில் லிப்ட் கதவு திறந்து, ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே தொங்கிய சின்னக் கையில் ஜிப் அப்படியே இருந்தது.